கொலைகாரனை முந்தியே புடிச்ச பேராண்டிக்கு

வா கண்ணு, அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உக்காரு. கம்பெனி பஸ்ஸுல ஓசூர் போயி வர்ற நேரத்துல போன்லயே மர்மக் கதையா படிச்சுத் தள்றியாமே, கேள்விப்பட்டேன். நேத்து டீக்கடையில நாலு பேரு நடுவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு, "நாப்பதாவது பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு கண்டுபுடிச்சுட்டேன்"னு நீ சொன்னதும் காதுல விழுந்துச்சு. கேக்கப் பெருமையாத்தான் இருந்துச்சு. நம்ம வம்சத்துல ஒருத்தன் போலீஸுக்கு முந்தியே கொலைகாரனைப் புடிக்கறான்னா சும்மாவா? ஒரே ஒரு சந்தேகம். போன திருவிழாவுல மாரியம்மன் கோயில் வாசல்ல உன் செருப்பு காணாமப் போச்சே, அதை எவன் மாட்டிக்கிட்டுப் போனான்னு இன்னும் தெரியல இல்ல?

மூஞ்சியைத் தூக்காத. உன்னை முழுசா கேலி பண்ணல, பாதிதான் பண்றேன். இந்தக் கொலைக் கதை விசயத்துல எனக்கும் பழக்கம் உண்டு. நான் படிச்ச பள்ளிக்கூடம் கொஞ்சம். படிச்ச கதை நெறைய. கரும்பு வண்டி ஓட்டுன காலத்துல ஆலை வாசல்ல வண்டிங்க வரிசையா நிக்கும். எடை மேடைக்கு நம்ம முறை ராத்திரியும் வரும், விடிஞ்சும் வரும். மாடு படுத்து அசை போடும். நான் லாந்தரை நுகத்தடியில மாட்டிக்கிட்டு கிரைம் நாவலைப் பிரிப்பேன். பக்கத்து வண்டிக்காரருக்கு எழுத்து தெரியாது, அதனால வாய்விட்டுத்தான் படிக்கணும். கொலை நடக்கற எடம் வந்தா வரிசை நகந்தாக்கூட வண்டியை எடுக்க விடமாட்டாரு. "இருய்யா, அந்தம்மா செத்தாளா பொழைச்சாளா, அதைச் சொல்லிட்டு அப்பறம் மாட்டை ஓட்டு"ம்பாரு. பின்னாடி நிக்கறவன் எங்க ரெண்டு பேரையும் கொல்ல வருவான். அந்தக் கொலைக்குத் துப்பறிய ஆளே வேண்டியிருக்காது.

அதனால சொல்றேன் கேளு. நீ கொலைகாரனைக் கண்டுபுடிச்சது தப்பில்ல. அதை டீக்கடையில சொன்ன பாரு, அதுதான் பாவம். லண்டன்ல அகதா கிறிஸ்டி எழுதுன 'மவுஸ்ட்ராப்'புன்னு ஒரு நாடகம், 1952-ல ஆரம்பிச்சாங்க. நடுவுல கொரோனாவுக்குக் கொட்டகையைச் சாத்துனதுதான், மத்தபடி அது பாட்டுக்கு ஓடுது. நாடகம் முடிஞ்சதும், முடிவை வெளியில போயிச் சொல்லிடாதீங்கன்னு மேடையில இருந்தே கேட்டுக்குவாங்களாம். வெள்ளைக்காரன் அதைக் காப்பாத்துறான். நம்ம ஊர்ல அப்படி ஒரு நாடகம் போட்டுருந்தா? முதல் ஆட்டம் பார்த்துட்டு வர்றவன் ரெண்டாவது ஆட்டத்துக்கு வரிசையில நிக்கறவன்கிட்ட, "டாக்டர்தான் கொன்னான், தெரியாத மாதிரி போயிப் பாரு"ன்னு சொல்லிட்டுத்தான் ஸ்டாண்டுல சைக்கிளை எடுப்பான்.

1954-ல 'அந்த நாள்'னு ஒரு படம். வீணை பாலசந்தர் எடுத்தாரு, ஏவி.எம். படம். எடுத்த எடுப்புலயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துப் போறாரு. பாட்டு ஒண்ணுகூடக் கிடையாது. சனம் என்ன பண்ணும்? பாட்டு வந்ததும் எழுந்து போயி பீடி பத்த வைக்கலாம்னு இருந்தவனுக்கு உக்காந்த எடத்துல கால் மரத்துப் போச்சு. சிவாஜியைப் பார்க்க வந்தவனுக்கு அவரு பொணமா கெடக்கறதைக் காட்டுனா டிக்கெட் காசு எப்படிச் செரிக்கும்? படம் அப்ப பெருசா ஓடல, இப்பத்தான் ஆகா ஓகோங்கறாங்க. யாரு சுட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீயே பாரு. போன்ல ஒன்றரை வேகத்துல ஓட்டாம பாரு. சஸ்பென்ஸ் படத்தை வேகமா ஓட்டிப் பார்க்கறவன், சாகப் போறவனைச் சீக்கிரம் சாகுன்னு முதுகுல தள்றவன்.

சரி, இந்தத் துப்பறியற வியாதி நமக்கு எங்கிருந்து ஒட்டுச்சுன்னு தெரியுமா? நூறு வருசத்துக்கு முந்தியே வந்துடுச்சு. ஷெர்லக் ஹோம்ஸை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழுக்குக் கூட்டியாந்தப்ப, இங்கிலீஷ் பேரோட வந்தா நம்ம ஆளு மதிக்க மாட்டான்னு ஆனந்தசிங்னு பேரு வெச்சு வுட்டாரு. ஜே.ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனை எறக்குனாரு. வடுவூர் துரைசாமி ஐயங்கார் இன்னும் ஒரு படி மேல போயி, திகம்பர சாமியாருன்னு ஒருத்தரைத் துப்பறிய வெச்சாரு. நம்ம சனத்தோட குணம் தெரிஞ்ச மனுசன். போலீஸ்காரன் கேட்டா வாயைத் தெறக்காதவன் சாமியார் கேட்டா தாத்தன் காலத்துத் தப்பையும் கக்கிடுவான் இல்ல?

அந்தத் திகம்பர சாமியார் கதையைச் சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1950-ல படமா எடுத்தாரு. அப்ப நாமும் சேலம் ஜில்லாதான். 1965-லதான் தருமபுரி தனியாப் பிரிஞ்சுது. அதனால அது நம்ம ஜில்லா படம்னு உரிமையா சொல்லிக்கலாம். அதுல வேஷம் மேல வேஷம் போட்டுத் துப்பறியறவரு யாரு தெரியுமா? நம்பியார். ஆமா, எம்.ஜி.ஆர்.கிட்ட காலம்பூரா ஒதை வாங்குன அதே நம்பியார்தான் அதுல நல்லவரு, கதாநாயகன். பின்னாடி நாங்கள்லாம் எந்தப் படத்துலயாவது நம்பியார் தலை தெரிஞ்சாலே "இவன்தான்டா"ன்னு தீர்ப்பு எழுதிடுவோம். மூஞ்சியைப் பார்த்துக் கொலைகாரனைச் சொல்ற அந்தப் புத்தி இன்னும் போவல. நீ நாப்பதாவது பக்கத்துல கண்டுபுடிச்சேன்னு சொன்னியே, அதுவும் இந்த ரகமாத்தான் இருக்கும். கண்ணு சின்னதா இருக்கு, சிரிக்கும்போது உதடு கோணுதுன்னு எழுதியிருப்பான். நீ உடனே வெலங்கு மாட்டியிருப்ப.

தேவன் எழுதுன துப்பறியும் சாம்புவைப் படிச்சிருக்கியா? விகடன்ல வந்துச்சு. எனக்குக் கேட்டா உலகத்துத் துப்பறியறவங்கள்லயே சாம்புதான் நெசமான ஆளு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தடுக்கி வுழுவான், வுழுந்த எடத்துல திருட்டு நகை இருக்கும். ஊரே அவன் மூளையை மெச்சும். நம்ம ஊர்ல பெரிய மனுசன்னு பேரெடுத்தவங்க பாதிப் பேரு அப்படி எடுத்ததுதான். அதுல நான் யாருங்கறதை நீயே துப்பறிஞ்சுக்க.

அப்பறம் தமிழ்வாணன். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, 'கல்கண்டு' பத்திரிகை. அவரோட சங்கர்லாலுக்குத் தேநீர்னா உசுரு. ஒரு கோப்பை உள்ள போனா மூளை ஓடும், துப்பு துலங்கும். அதைப் படிச்சுட்டு நானும் பஸ் ஸ்டாண்டு கடையில டீ மேல டீயா குடிச்சுப் பார்த்தேன். நம்ம ஊர் டீக்குத் துப்பு துலங்கல. வம்புதான் துலங்குச்சு.

இதெல்லாம் எங்க அப்பங்க காலத்துச் சங்கதி, கொஞ்சம் என் காலம். எனக்குச் சரியா வாய்ச்சது மாசம் ஒண்ணு வர்ற பாக்கெட் நாவலுங்கதான். பஸ் ஸ்டாண்டுப் பொட்டிக்கடையில கயிறு கட்டி, கிளிப்பு போட்டுத் தொங்கவுட்டுருப்பான். அட்டையில ஒரு நடிகை படம், பக்கத்துல கத்தி, ரத்தம். உள்ள அந்த நடிகைக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. தினத்தந்திக்குள்ள மடிச்சு வெச்சு வூட்டுக்குக் கொண்டாருவோம். இப்ப என்னடான்னா, 2008-ல மெட்ராஸ்ல பிளாஃப்ட்டுன்னு ஒரு பதிப்பகம் அந்தக் கதைங்களைப் பொறுக்கி, ப்ரீதம் சக்ரவர்த்தியை வெச்சு இங்கிலீஷ்ல மாத்திப் புத்தகமாப் போட்டுச்சு. நாங்க மறைச்சு மறைச்சுப் படிச்சதைப் படிச்சவங்க அலமாரியில முன் வரிசையில வெக்கறாங்க. கொஞ்சம் பொறுத்திருந்தா எங்க மானமும் தப்பிச்சிருக்கும்.

கோயமுத்தூர் ராஜேஷ்குமார் எழுதுனது மட்டும் 1500 நாவலுக்கு மேல. எத்தனை பொணம்னு எவனாவது கணக்கு எடுத்தா ஒரு தாலுக்காவே காலியாயிருக்கும். அவரு தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். ஒரு அத்தியாயம் கோயமுத்தூர்ல நடக்கும். அடுத்த அத்தியாயம் வேற ஊரு, வேற ஆளுங்க, சம்பந்தமே இருக்காது. ரெண்டு தண்டவாளமா போவும். எங்கடா சேரும், எப்படிடா சேரும்னு மண்டை காயும். இங்க ஒரு பொண்ணு கதவைத் தொறப்பா, "நீயா..."ன்னு அலறுவா. சட்டுனு அத்தியாயம் முடிஞ்சுடும். அடுத்த பக்கம் திருப்புனா அங்க வேற எவனோ காரைத் தொடைச்சுக்கிட்டு இருப்பான். அவனைத் திட்டிக்கிட்டே படிச்சு முடிச்சு, மறுபடி இங்க வந்தா வாசல்ல நிக்கறது பால்காரனா இருப்பான். பால்காரனைப் பார்த்து எவளாவது அலறுவாளா? ஆனா நீ அதுக்குள்ள ஏழு பக்கம் தாண்டி வந்துட்ட பாரு. அங்கதான் எழுதறவன் ஜெயிக்கறான். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில பழகுன வித்தை அது. இந்த வாரம் அலற வெச்சாத்தான் அடுத்த வாரம் காசு குடுத்து வாங்குவான்.

பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜெயந்தி, ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா. எல்லாம் சோடி சோடி. சுஜாதா மட்டும் ரெண்டு வக்கீலுங்களைப் புடிச்சாரு, கணேஷும் வஸந்தும். 1968-ல குமுதத்துல 'நைலான் கயிறு' வந்தப்ப கணேஷ் மட்டுந்தான். வஸந்த் அப்பறம்தான் வந்து ஒட்டிக்கிட்டான். வந்ததும் மொதலாளியை விடக் கூலிக்காரனுக்கு மவுசு கூடிப் போச்சு. 'கொலையுதிர் காலம்'னு ஒண்ணு எழுதுனாரு பாரு, பேயா விஞ்ஞானமான்னு மண்டையைப் பிச்சுக்கணும். அதைப் படிச்ச ராத்திரி நான் மாட்டைக் கொட்டகையில கட்டாம வாசத் திண்ணைக்குப் பக்கத்துலயே கட்டுனேன். மாட்டுக்குப் பயமாம்.

நாவல் ஒண்ணொண்ணும் காசு போட்டு வாங்க எனக்கு வக்கு இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல ஒரு வாடகை நூல் நிலையம் இருந்துச்சு. முன்பணம் கட்டிட்டா நாளுக்கு இவ்வளவுன்னு எடுத்தாந்து படிக்கலாம். அங்க எடுக்கற புத்தகத்துல எல்லாம் எவனாவது ஒரு கிறுக்கன் முதல் பக்கத்துலயே "கொலைகாரன் சேகர்"னு எழுதி வெச்சிருப்பான். வயிறு எரியும். ரெண்டு மூணு தடவை பொறுத்தேன். அப்பறம் எனக்குள்ள இருக்கற குறும்பன் எழுந்துட்டான். நானும் எழுத ஆரம்பிச்சேன். காலண்டர்ல உங்க ஆயா பால் கணக்கு எழுதறதுக்குன்னு நூல்ல கட்டித் தொங்கவுட்டுருப்பா இல்ல, எச்சி தொட்டா ஊதா நெறத்துல எழுதுமே, அந்தப் பென்சிலை எடுத்து, பன்னெண்டாம் பக்கத்து ஓரத்துல அழகா ஒரு பேரு எழுதுவேன். எல்லாம் பொய்ப் பேரு. கதையில வர்ற பரம சாதுவா பார்த்து எழுதுவேன். அடுத்து எடுக்கறவன் கடைசி வரைக்கும் அந்த அப்பாவித் தோட்டக்காரனையே மொறைச்சுக்கிட்டு இருப்பான். எனக்கு அப்பறம் புத்தகத்தை எடுத்துப் போற வாத்தியார் ஒருத்தர், கடையில வந்து "அநியாயம்யா, கடைசி வரைக்கும் ஏமாந்துட்டேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்குக் கரும்புக்குப் பணம் வந்த சந்தோசம்.

இந்தக் குறும்பு நான் பாட்டுக்கு நடத்திக்கிட்டு இருக்கறப்ப ஒரு சிக்கல் வந்துச்சு. முன்னாடி எடுத்த புத்தகம் ஒண்ணை, முடிவு மறந்து போச்சுன்னு மறுபடி எடுத்தாந்தேன். பன்னெண்டாம் பக்கத்துல நான் எழுதுன பேருக்குக் கீழ இன்னொரு வரி. "இது பொய். நம்ப வேண்டாம்." அவ்வளவுதான். நெசக் கொலைகாரன் பேரு எழுதல. வேற ஒரு புத்தகத்தை எடுத்தேன். அதுலயும் அதே. எவனோ என் பின்னாடியே வந்து என் குப்பையைக் கூட்டிப் பெருக்கறான். வாத்தியாரைச் சந்தேகப்பட்டேன். கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். கம்பவுண்டர் ஒருத்தர் எப்பவும் பாக்கெட்ல பென்சில் வெச்சிருப்பாரு, அவரை ஒரு வாரம் வேவு பார்த்தேன். துப்பு துலங்கல. அது கெடக்கட்டும், அப்பறம் வர்றேன்.

காரிமங்கலம் சந்தையில மாட்டுத் தரகருங்க வெல பேசறதை நீ பார்த்திருக்க மாட்ட. ரெண்டு கை மேல துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. அடியில விரலைப் புடிச்சுப் புடிச்சுத்தான் பேச்சு. இத்தனை விரலுன்னா இத்தனை ஆயிரம், பாதி விரலை அமுக்குனா அதுக்கு ஒரு கணக்கு. வாய் மட்டும் "மழை பெய்யுமா?"ன்னு ஊர்க்கதை பேசும். சுத்தி நிக்கறவன் அத்தனை பேருக்கும் கை தெரியும், துண்டு தெரியும், விரல் அசையறதுகூடத் தெரியும். வெல மட்டும் தெரியாது. நல்ல மர்மக் கதை அதுதான். எல்லாம் உன் கண்ணு முன்னாடிதான் நடக்கும். கொலைகாரன் மூணாவது பக்கத்துலயே வந்து காப்பி குடிச்சுட்டுப் போயிருப்பான். எழுதறவன் உன்கிட்ட மழையைப் பத்திப் பேசிக்கிட்டே விரலை அமுக்கியிருப்பான். 1926-ல அதே அகதா கிறிஸ்டி 'ரோஜர் ஆக்ராய்ட் கொலை'ன்னு ஒரு நாவல்ல போட்ட துண்டு இருக்கே, இன்னிக்கும் படிக்கறவன் கடைசியில முதல் பக்கத்துக்கு ஓடிப் போயிப் பார்க்கறான். எல்லாம் அங்கயே இருக்கு.

கெட்ட கதைன்னா என்ன? துண்டுக்கு அடியில மூணாவது கை வரும். கடைசி ரெண்டு பக்கத்துல, அதுவரைக்கும் பேரே அடிபடாத சிங்கப்பூர் மாமன் ஒருத்தன் வந்து "சொத்துக்காக நான்தான் கொன்னேன்"ம்பான். இல்லாட்டி, எறந்து போனவருக்கு ரெட்டைப் பொறந்தவன் இருப்பான். ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதறவரு, 1929-ல பத்துக் கட்டளை போட்டாரு. குற்றவாளி கதையோட ஆரம்பத்துலயே வந்துரணும், ரகசிய வழி ஒண்ணுக்கு மேல கூடாது, ரெட்டைப் பிள்ளையைத் திடீர்னு எறக்கக் கூடாது, இப்படிப் போவும். சாமி கும்புடற மனுசனுக்குக் கொலையிலகூட நேர்மை வேணும்னு தோணியிருக்கு பாரு. கேப்பையில நெய் வடியுதுன்னு எழுதறவன் எழுதுனா, கேக்கற நமக்கு மதி வேணும் இல்ல? சிங்கப்பூர் மாமன் வந்தா புத்தகத்தை மூடிட்டுப் போயி ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடு.

அதனால நீ தேட வேண்டியது கொலைகாரனை இல்ல கண்ணு. எழுதறவன் விரலைத் தேடு. நூறு பக்க நாவல்ல சும்மா ஒரு ஆளை நடமாட விட எவனுக்கும் எடம் கெடையாது. வேலை வெட்டி இல்லாம, பேரு மட்டும் வெச்சு, நாலு தடவை வந்து போறான்னா அவனுக்கு ஏதோ வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். ரொம்ப முழிக்கறவன் பாவம், அவன் உன் கண்ணைக் கட்டறதுக்கு விட்ட ஆளு. குடும்ப டாக்டர் ரொம்ப அன்பா இருந்தா ஒரு கண்ணு வையி. ஆனா இதையும் எழுதறவன் தெரிஞ்சு வெச்சிருப்பான். உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியும். அந்த எடத்துலதான் ஆட்டமே சூடு புடிக்கும். நீ நாப்பதாவது பக்கத்துலயே எழுந்து கையைத் தட்டிட்டு வந்துட்டா, மிச்ச அறுபது பக்கம் அவன் யாருக்கு விளையாடுவான்?

முடிவு தெரிஞ்சுட்டா ருசி போச்சுன்னு நெனைக்கற. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து ஆடறாங்களே, துரியோதனன் சாவான்னு தெரியாம எவனாவது வந்து உக்கார்றானா? படுகளத்துக்கு மண்ணுல அவனைப் படுக்க வெச்சுருக்கறதைப் பகல்லயே பார்த்துட்டுத்தான் போறான். இருந்தும் விடிய விடியக் கம்பளியைப் போத்திக்கிட்டு, வாயைத் தொறந்துக்கிட்டுப் பார்ப்பான். கூத்துல துகில் உரியறப்ப, கண்ணன் வந்துருவான்னு தெரிஞ்சும் பொம்பளைங்க பதறுவாங்க.

துப்பறியும் கதையை முதல்ல எழுதுனது அமெரிக்காவுல எட்கர் ஆலன் போ, 1841-லன்னு சொல்றாங்க. எனக்கு ஒரு சந்தேகம். பாண்டியன் சபையில கண்ணகி என்ன பண்ணா? அழுதுட்டுப் போனாளா? தடயத்தை ஒடைச்சுக் காட்டுனா. ராணி சிலம்புல முத்து, இவ சிலம்புல மாணிக்கம். தீந்துச்சு வழக்கு. ராசாவே குற்றவாளி, ஒப்புக்கிட்டு அங்கயே உசுரை விட்டான். இதுக்கு மேல ஒரு கடைசி அத்தியாயம் எவன் எழுதுவான்? ஆனா இதை நீ போன்ல போட்டுடாத. உன் கூட்டாளிங்க உடனே "துப்பறிவாளருக்கெல்லாம் தாய் கண்ணகி"ன்னு படம் போட்டு ஊர் பூராவும் அனுப்பிடுவானுங்க. காலையில எனக்கே திரும்பி வரும்.

நம்ம ஊர் மர்மமும் கதை மர்மமும் வேற வேற, அதையும் தெரிஞ்சுக்க. கதையில கடைசி வரைக்கும் யாருன்னு தெரியாது. தெரிஞ்சதும் கையில வெலங்கு. இங்க கொல்லை வரப்பைத் தள்ளிப் போட்டது யாரு, கெணத்து மோட்டாரைக் கழட்டுனது யாருன்னு விடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். வெலங்குதான் வராது. தெரிஞ்சுக்கிட்டே அவன் வூட்டுக் கல்யாணத்துல போயி மொய் வெச்சுட்டு, சாப்புட்டுட்டு வருவோம். அதனாலதான் கரும்பு வண்டிக்காரனுக்கு விவேக்கையும் கணேஷையும் அப்படிப் புடிச்சுது. தொண்ணூறாவது பக்கத்துல எல்லாரையும் ஒரு ரூம்புல உக்கார வெச்சு, "கொலைகாரன் இந்த ரூம்புலதான் இருக்கான்"னு சொல்ற ஆளு நம்ம ஊர்ல ஒருத்தனாவது இருக்கானா சொல்லு? நம்ம ஊர் பஞ்சாயத்துல எல்லாரும் உக்காந்து, எல்லாரையும் பார்த்து, டீ குடிச்சுட்டு எழுந்துருவாங்க.

கண்டுபுடிச்சவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. வனத்துறைக்காரங்க. ராகிக் கொல்லையில மிதிச்ச தடத்தைப் பார்த்து இது எந்த ஆனைன்னு சொல்லிடுவாங்க. 2023 பிப்ரவரியில நம்ம பாலக்கோட்டுப் பக்கம் சுத்துன மக்னாவை, அதான் கொம்பில்லாத ஆம்பளை ஆனையை, புடிச்சு, லாரியில ஏத்தி ஆனைமலைக் காட்டுல விட்டாங்க. குற்றவாளியைப் புடிச்சாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நாம நெனைச்சோம். அது காட்டுல இருக்க முடியாதுன்னு நடந்தே கோயமுத்தூர் பக்கம் போயிடுச்சு. மறுபடி புடிச்சாங்க. இத்தனை ஊர் இருக்க அது ஏன் ராஜேஷ்குமார் ஊருக்குப் போச்சுன்னு நான் கேட்டா நீ சிரிப்ப.

தொண்ணூறுகள் கடைசியில டி.வி.யில 'மர்மதேசம்' வந்துச்சு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா எடுத்தது. கதை எழுதுன சௌந்தர்ராஜன் 2024 நவம்பர்ல போயிச் சேந்துட்டாரு, நல்ல மனுசன். அதுல 'விடாது கருப்பு'ன்னு ஒரு கதை. குதிரைச் சத்தம் கேக்கும், ஊரே கதவைச் சாத்திக்கும், தப்புப் பண்ணவனைக் கருப்பு அடிச்சுப் போடும். அந்தத் தொடர் ஓடுன வரைக்கும் நம்ம மாந்தோப்புக்கு நான் காவலே போடல. ஒரு காய் காணாமப் போவல. கடைசியில அது சாமியா மனுசனான்னு வெளிச்சம் ஆச்சு பாரு, மறு நாளே மூணு மரம் காலி. அப்ப நம்ம வூட்டுக் கூடத்துல தெரு சனமே உக்காந்து பார்க்கும். ஆளாளுக்கு ஒருத்தனைச் சொல்வோம். உங்க ஆயா மட்டும் அடுப்படி நெலையில சாஞ்சு நின்னு, மஞ்சள் கையைப் பொடவையில தொடைச்சுக்கிட்டே பார்ப்பா. ஒரு நாள் நான் பெருசா என் துப்பை எடுத்து வுட்டப்ப, "க்கும்"னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உள்ள போயிட்டா. எழுத்துக் கூட்டிப் படிக்கறவளுக்கு என்ன தெரியும்னு நான் கண்டுக்கல.

இப்ப அந்தப் பன்னெண்டாம் பக்கத்துக்கு வா. ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க எடுத்துப் போறப்ப, வழியில பஸ்ஸுக்கு நின்ன நேரத்துல சும்மா பிரிச்சேன். முந்தின ராத்திரிதான் நான் பேரு எழுதுனது. இன்னும் கடைக்கே போவல, வேற எவன் கையிலயும் படல. அதுக்குள்ள கீழ அந்த வரி இருக்கு. "இது பொய். நம்ப வேண்டாம்." ஊதாப் பென்சில். பக்கத்து ஓரத்துல மஞ்சள் கறையா ஒரு பெருவிரல்.

காலண்டரை எத்தனை காலமாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பால் கணக்கு எழுத்தும் இந்த எழுத்தும் ஒண்ணுன்னு ஒரு நாளாவது எனக்குத் தோணுச்சா? நான் கொல்லைக்குப் போனதும் அவ படிச்சிருக்கா. நான் வண்டி வரிசையில ஒரு ராத்திரி பூரா படிக்கறதை மாவு அரைக்கற நேரத்துல முடிச்சிருக்கா. கேக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு, துப்பறியறவனுக்கு ஏத்த மாதிரி ஒரு பொறி வெச்சேன். அடுத்த புத்தகத்துல பொய் எழுதல. நெசமான கொலைகாரன் பேரையே எழுதி, மேசை மேல வெச்சுட்டுக் கொல்லைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பிரிச்சுப் பார்க்கறேன். என் எழுத்துக்குக் கீழ அவ எழுத்து: "இதுவும் பொய்."

ரெண்டு நாள் நான் அந்த நாவலை முதல்ல இருந்து திருப்பித் திருப்பிப் படிச்சேன்டா, எங்க தப்பு விட்டேன்னு. அவ அடுப்படியில பாட்டுப் பாடிக்கிட்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா.

சரி, எழுந்திரு, களி ஆறிடும். கீரை கடைஞ்சிருக்கா. உள்ள போறப்ப அந்தப் போனைப் பாக்கெட்டுல போட்டுக்க. என்ன கதை படிக்கறேன்னு கேப்பா. வாயைத் தொறக்காத, பேரைக் கேட்டே முடிவைச் சொல்லிடுவா. சொல்றது நெசமா பொய்யாங்கறது எனக்கே இன்னும் புடிபடல.